கடைசி ஒரு சாண்

டயரின் கடைசி ஒரு சாண்தான் பிரச்சினை. சைக்கிள் டயரைத் தன் கையால் மாட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரு பக்க விளிம்பு ரிம்முக்குள் சுலபமாக உட்கார்ந்துவிடும். டியூபையும் உள்ளே நுழைத்துவிடலாம். மறுபக்க விளிம்பும் முக்கால் சுற்று வரைக்கும் சொன்ன பேச்சைக் கேட்கும். அப்புறம் ஒரு சாண் நீளம் மட்டும் ரிம்முக்கு வெளியே விறைத்துக்கொண்டு நிற்கும். கட்டைவிரலால் ஒரு ஓரத்தைத் தள்ளினால் மறு ஓரம் வெளியே வரும். மறு ஓரத்தைத் தள்ளினால் முதல் ஓரம் வரும். பத்து நிமிடத்தில் கட்டைவிரல் கொப்பளித்துவிடும்.

அந்த ஒரு சாணை நான் எப்போதும் ஜெயித்துவிடுவேன் என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. வாரத்தில் ஐந்து நாள் கீபோர்டைத் தட்டுவதைத் தவிர வேறெதற்கும் பயன்படாத விரல்கள் இவை. எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் யாருக்காவது டயர் உள்ளே போகவில்லை என்றால் “அவர்ட்ட குடுங்க” என்று சக்கரத்தை என்னிடம் நீட்டுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே தள்ளு. டப்பென்று உள்ளே விழும். யாராவது “செம” என்பார்கள். நான் ஒன்றும் பெரிதில்லை என்பதுபோல் கையைத் துடைத்துக்கொள்வேன்.

இந்தக் கட்டைவிரல் பெருமைதான் என் மனைவியை ஈ.சி.ஆரில் ஒரு மணி நாற்பது நிமிடம் நிற்கவைத்தது.

அவளிடம் முதலில் இருந்தது ஒரு பழைய ஹைப்ரிட் சைக்கிள். தடித்த டயர், ஓரத்தில் இரும்புக் கம்பி வைத்தது. அதைக் கழற்றி மாட்ட அவளுக்கே தெரியும். பெருங்குடியில் இருந்த அவளுடைய ஆபீசுக்கு அதில்தான் போய்வந்தாள். பிறகு சனிக்கிழமைகளில் தனியாக நீண்ட தூரம் போக ஆரம்பித்தாள். முட்டுக்காடு, கோவளம், ஒருமுறை மாமல்லபுரம் வரைக்கும். வீட்டில் யாரும் ஒன்றும் கேட்காத, போனில் யாரும் கூப்பிடாத நான்கு மணி நேரம் வாரத்தில் அது ஒன்றுதான் என்று சொல்வாள். அவளுடைய பிறந்தநாளுக்கு நான் ஒரு ரோடு பைக் வாங்கிக் கொடுத்தேன்.

வாங்கிக் கொடுத்ததோடு விட்டிருக்கலாம். கம்பெனியில் கூட வந்த சக்கரங்கள் கனம் என்று சொல்லி, டியூப்லெஸ் ரெடி ரிம் போட்ட ஒரு ஜோடிச் சக்கரம் வாங்கினேன். 28 மி.மீ. அகலத்தில் மடித்துப் பெட்டியில் வைக்கக்கூடிய டயர். டியூப் இல்லாமல் ஓட்டினால் உள்ளே ஊற்றும் பால் மாதிரியான திரவத்தைப் பராமரிக்க வேண்டுமே என்று சோம்பல்பட்டு, உள்ளே டியூபே போட்டேன். ஸ்போக் ஓட்டைகள் டியூபைக் குத்திவிடக் கூடாது என்று, ரிம்மில் ஏற்கெனவே இருந்த மெல்லிய டேப்புக்கு மேலே துணி டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினேன். இரண்டு மாலை நேரங்கள் பால்கனியில் உட்கார்ந்து செய்த வேலை. பின்சக்கரத்தின் டயரை மாட்டும்போது எனக்கே இரண்டு லிவர் தேவைப்பட்டது. கட்டைவிரல் தோற்றுப்போனது அதுவே முதல் தடவை.

அந்த நொடியில் எனக்குத் தெரியும். என்னால் கையால் மாட்ட முடியாத டயரை அவளால் நடுரோட்டில் மாட்ட முடியாது. தெரிந்தும் காற்றடித்து முடித்தேன்.

“வழியில பஞ்சர் ஆனா?” என்று கேட்டாள்.

“போன் பண்ணு, வந்துடறேன்” என்றேன். அன்பாகத்தான் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை காலை ஆறரைக்கு அவளுக்கு நெம்மேலி பக்கத்தில் பஞ்சர் ஆனது. நான் அப்போது ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் இரவு நாங்கள் ஏற்றிய ஒரு மாற்றம் விடியற்காலையில் சர்வர்களை ஒவ்வொன்றாகப் படுக்கவைத்துக்கொண்டிருந்தது. பதினான்கு பேர் ஒரே அழைப்பில் இருந்தோம். போன் சைலன்ட்டில் கவிழ்ந்து கிடந்தது. எல்லாம் சரியாகி அதை நிமிர்த்திப் பார்த்தபோது ஆறு மிஸ்டு கால்.

அங்கே நடந்ததை அவள் துண்டு துண்டாகத்தான் பிறகு சொன்னாள். டயரைக் கழற்றவே இருபது நிமிடம். ஒரு லிவர் ஒடிந்தது. புது டியூப் உள்ளே போனது. கடைசிச் சாண் போகவில்லை. மிச்சமிருந்த லிவரை வைத்து நெம்பினாள், டயர் உள்ளே போனது, காற்றடித்தால் நிற்கவில்லை. லிவரின் நுனி புது டியூபைக் கடித்திருந்தது. அவளிடம் இருந்தது அந்த ஒரு டியூப்தான்.

பஞ்சர் ஒட்டும் சாமான் இருந்தது. ஒட்டினாள். மறுபடி அதே சாண்.

ஒரு பைக்காரர் நின்று, “ஹஸ்பண்ட் கூட வரலையா?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு கார் தாண்டிப் போய்ப் பின்னால் வந்தது. கண்ணாடி இறங்கியது, “டிராப் பண்ணவா?” வேண்டாம் என்ற பிறகும் அது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. சைக்கிளில் வந்த ஒரு நல்ல மனுஷன் உண்மையாகவே இறங்கி உட்கார்ந்து முயன்றார். பதினைந்து நிமிடம் கழித்துச் சிவந்த கட்டைவிரலைக் காட்டி, “ஸாரிங்க, இது என்ன ரிம்ங்க இது” என்றார். அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு பஞ்சர் கடை இருந்தது. அந்தக் கடைக்காரர் டயரை அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். “இதுல நான் கை வைக்கலம்மா. கிழிஞ்சா நீங்க என்னைக் கேப்பீங்க.”

நான் காரில் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கடை வாசலில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். சைக்கிளை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். உத்தண்டி டோல் தாண்டும் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்:

“என்னால கழட்டி மாட்ட முடியாத ஒண்ணை ஏன் என் வண்டியில மாட்டின?”

நான் உருளும் தடை பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். வாட் கணக்கு. மணிக்கு இத்தனை கிலோமீட்டரில் இத்தனை வாட் மிச்சம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில், “நான்தான் இருக்கேனே” என்பது. அன்றைக்கு நான் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அது பதிலில்லை.

ஆபீசில் நான் இப்படிச் செய்ய மாட்டேன். ராத்திரி மூன்று மணிக்கு ஏதாவது விழுந்தால், அன்றைக்கு டியூட்டியில் இருக்கிற, சேர்ந்து இரண்டே மாதமான பையனோ பெண்ணோ என்னை எழுப்பாமலேயே அதைச் சரிசெய்ய வேண்டும். அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதிவைப்போம். ஒரு ஆளுக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒரு சிஸ்டத்தில் இருந்தால் அதை ஓட்டை என்றே கணக்கில் வைப்போம். வீட்டில் நானே அப்படி ஒரு ஓட்டையைச் செய்து, பிறந்தநாள் பரிசு என்று பெயரும் வைத்திருந்தேன்.

மறுநாள் அந்தச் சக்கரத்தைத் தரையில் போட்டு முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன்.

டயரின் பக்கவாட்டில் 28-622 என்று அச்சிட்டிருக்கும். 28 என்பது அகலம். 622 என்பது டயரின் விளிம்பு வளையம் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். அந்த வளையத்துக்கு பீடு என்று பெயர். பழைய டயர்களில் அது இரும்புக் கம்பி. மடிக்கிற டயர்களில் அராமிட் இழை, கெவ்லார் என்ற பெயரில் நாம் கேள்விப்படுவது. இரண்டுமே நீளாதவை. நீளக் கூடாது என்பதற்காகத்தான் அவை அங்கே இருக்கின்றன. நீண்டால் காற்றின் அழுத்தத்தில் டயர் ரிம்மைவிட்டு எழும்பி வெடித்துவிடும். ஆக, கட்டைவிரலால் தள்ளும்போது டயர் கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும் என்று நான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு. அது ஒரு இம்மியும் கொடுப்பதில்லை.

அப்படியானால் 622 மி.மீ. வளையம், அதைவிடச் சில மில்லிமீட்டர் உயரமான ரிம் சுவரைத் தாண்டி எப்படி உள்ளே வருகிறது? ரிம்மின் நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடுகிறது. பீடு உட்காரும் இடம் இரண்டு ஓரத்திலும் திண்ணை மாதிரி. நடுவில் அதைவிடத் தாழ்வான பள்ளம். டயரின் ஒரு பகுதி அந்தப் பள்ளத்தில் இறங்கினால், எதிர்ப் பகுதிக்குக் கொஞ்சம் தளர்வு கிடைக்கும்.

எவ்வளவு தளர்வு என்பது பத்தாம் வகுப்புக் கணக்கு. பூமியின் நடுக்கோட்டில் தரையோடு இறுகக் கட்டிய கயிற்றை எல்லா இடத்திலும் 1 மீட்டர் உயரத்துக்குத் தூக்க எவ்வளவு கயிறு கூடுதலாக வேண்டும் என்ற புதிரைக் கேட்டிருப்பீர்கள். 6.28 மீட்டர் போதும். பூமியாக இருந்தாலும் சைக்கிள் சக்கரமாக இருந்தாலும் ஆரத்தில் ஒன்று மாறினால் சுற்றளவில் 6.28 மாறும். பள்ளத்தின் ஆழம் 3 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், பாதிச் சுற்றுக்கு பீடு அதில் இறங்கினாலே 3 × 3.14, அதாவது 9 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் மிச்சமாகிறது. சுண்டுவிரல் நகத்தின் அகலம். அந்தக் கடைசிச் சாணுக்குத் தேவைப்படுவது அவ்வளவுதான்.

அந்த 9 மி.மீ.யை நான் என்ன செய்திருந்தேன்? துணி டேப்பை உரித்து வெர்னியரில் அளந்தேன். ஒரு சுற்று அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். இரண்டு சுற்று. பள்ளத்தில் 1 மி.மீ.க்கு மேல் நானே மெனக்கெட்டுத் தூர்த்திருந்தேன். பாதிச் சுற்றில் மட்டும் 3 மி.மீ.க்கு மேல் காலி. அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய தளர்வில் மூன்றில் ஒரு பங்கைப் பாதுகாப்பு என்ற பெயரில் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். டியூப்லெஸ் ரிம்மில் திண்ணைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு சின்ன வரப்பு வேறு இருக்கிறது. காற்று இறங்கினாலும் டயர் திண்ணையைவிட்டு நழுவாமல் இருக்க வைத்தது. அதைத் தாண்டி பீடைப் பள்ளத்தில் தள்ளினால்தான் எதுவும் நடக்கும். நெம்மேலியில் அவளுக்கு லிவர் ஒடிந்ததற்குக் காரணம் அதுதான். டயரின் மறுபக்கம் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கத்தை மட்டும் அவள் நெம்பியிருக்கிறாள்.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய கதைதான். லாகில் சிவப்பாகத் தெரியும் வரியில் பிழை இருக்காது. அங்கே விழுந்தது, அவ்வளவுதான். விழவைத்தது வேறெங்கோ இருக்கும். டயர் இறுகுவது கட்டைவிரலுக்கு நேரே. அதைத் தளர்த்தும் வழி இருப்பது சக்கரத்தின் எதிர்ப்பக்கம். நான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் சிவப்பு வரியையே அழுத்தி அழுத்தி ஜெயித்து “செம” வாங்கியிருக்கிறேன்.

பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் 1888இல் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்று டயர் செய்தார். அந்தக் காலத்து டயர்கள் ரிம்மோடு சேர்த்து ஒட்டப்பட்டவை. பஞ்சர் என்றால் பிரித்து, ஒட்டி, காயவைத்து, அரை நாள் வேலை. 1890இல் இங்கிலாந்தில் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்பவர் டயரின் ஓரத்தில் நீளாத கம்பியும் ரிம்மின் நடுவில் பள்ளமும் வைக்கும் ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் நம் சைக்கிள்களில் இருப்பது அடிப்படையில் அதே ஏற்பாடு. அதே சமயத்தில் பிரான்சில் மிஷ்லென் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய வேறொரு வகை டயரைச் செய்தார்கள். 1891இல் நடந்த முதல் பாரீஸ்–பிரெஸ்ட்–பாரீஸ் ஓட்டத்தில், ஏறக்குறைய 1,200 கி.மீ., அந்த டயரை மாட்டிய ஷார்ல் தெரோன் 72 மணி நேரத்துக்குள் முதலாவதாக வந்தார்.

இதைப் படித்தபோது ஒன்று உறைத்தது. டயர் கழன்று வர வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பேர் மெனக்கெட்டிருக்கிறார்கள். காற்றைப் பிடித்து வைப்பது பாதி வேலை. வழியில் தனியாக இருக்கிற ஒருவர் தன் கையால் அதைத் திறந்து மூட முடிய வேண்டும் என்பது மீதிப் பாதி.

துணி டேப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு மெல்லிய டேப் ஒரே ஒரு சுற்று ஒட்டினேன். “இப்ப பாரு” என்று அவளைக் கூப்பிட்டேன்.

நான் மோசமான வாத்தியார். அவள் டயரைப் பிடிப்பதற்குள் “அப்படி இல்ல, இப்படி” என்பேன். இரண்டாவது “இப்படி”யில் சக்கரம் என் கைக்கு வந்திருக்கும். மூன்றாவது தடவை நானே மாட்டி முடித்துவிட்டு “பாத்தியா, ஈசிதான்” என்பேன். இரண்டு வாரம் இப்படியே போனது. அவள் அந்தச் சைக்கிளைத் தொடாமல், பழைய ஹைப்ரிட்டை எடுத்துக்கொண்டு கோவளம் போய்வந்தாள்.

அந்தச் சமயத்தில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். எங்களுக்கு ஆலங்குடிப் பக்கம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் சொல்லிக் கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் அப்போது சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அதில் என் அம்மாவும் ஒருத்தி. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. ஜென்ட்ஸ் சைக்கிள்தான் கிடைத்தது. முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்காரவைத்து, பால்வாடி வேலைக்கு ஏழு கிலோமீட்டர் போவாள். அந்தத் துண்டின் முடிச்சு தொடையில் குத்தியது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பால்கனியில் எங்கள் பாடம் நடந்த ஒரு சனிக்கிழமை, அம்மா கதவோரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூன்றாவது “இப்படி”யின்போது சொன்னாள்:

“தம்பி, போயி மல்லித்தழை வாங்கிட்டு வா.”

“ஃப்ரிட்ஜ்ல இருக்கும்மா.”

“அது வாடிப்போச்சு. போயிட்டு வா.”

நான் திரும்பி வந்தபோது டயர் உள்ளே இருந்தது. இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஃப்ரிட்ஜில் மல்லித்தழை பச்சையாகத்தான் இருந்தது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா ஒரு கதை சொன்னாள். நான் அதுவரை கேட்டதில்லை. முதல் ஒரு வருடம் பஞ்சர் ஆனால் பஸ் ஸ்டாப் கடைக்குத்தான் தள்ளிக்கொண்டு போவாளாம். கடைக்காரர் நல்லவர்தான். ஆனால் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே கேட்பாராம். எங்க போயிட்டு வர்ற? இந்த நேரத்துல அந்தப் பக்கம் என்ன? முள்ளு கருவேல முள்ளா இருக்கே, கொல்லைப்பக்க வழியா வந்தியா? சாயங்காலத்துக்குள் அது அப்பத்தா காதுக்கு வந்துவிடும். அம்மா தன் அம்மாவைப் பார்க்கப் போன நாட்களெல்லாம் இப்படித்தான் வெளியே வந்ததாம்.

“அதனால அவரு கையையே பாத்துக்கிட்டு நின்னேன். ஆறு மாசம். அப்புறம் டவுனுக்குப் போனப்ப சொலூசன், உப்புத்தாள் எல்லாம் வாங்கியாந்து, ரெண்டு எவர்சில்வர் ஸ்பூனை வச்சு நானே கழட்டிட்டேன். உங்கப்பாவுக்குக்கூட ரொம்ப நாள் தெரியாது.”

“ஸ்பூன்லயா அத்தை?” என்றாள் அவள்.

“காம்புதான் கொஞ்சம் வளைஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் நான் எந்த வழியா போறேன்னு யாருக்கும் தெரியாது.”

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வளைந்த காம்பு ஸ்பூன்கள் எங்கள் வீட்டு அடுக்களையில் பல வருடம் இருந்தன. சின்ன வயதில் நான் அவற்றில் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறேன்.

அதன் பிறகு ஆறு ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகப் பயிற்சி எடுத்தாள். பால்கனிக் கதவைச் சாத்திக்கொள்வாள். கதவுக்கு இந்தப் பக்கம் நான் கேட்ட சத்தங்களில் சில இங்கே எழுத முடியாதவை. கடைசியில் அவள் கண்டுபிடித்து வைத்திருக்கும் முறையை, யாருக்காவது உதவும் என்பதால், வரிசையாகச் சொல்கிறேன்.

கழற்றுவதற்கு முன் காற்றை முழுதாகப் பிடுங்க வேண்டும். பிறகு லிவரைத் தொடவே கூடாது. டயரை இரண்டு பக்கமும் பிடித்து அமுக்கி, சுற்றிலும் இரண்டு விளிம்பையும் திண்ணையிலிருந்து பள்ளத்துக்குத் தள்ள வேண்டும். டியூப்லெஸ் ரிம்மில் ‘டிக்’ என்று ஒரு சத்தத்தோடு வரப்பைத் தாண்டும். முழுச் சுற்றும் தாண்டிய பிறகுதான் லிவர், அதுவும் வால்வுக்குப் பக்கத்தில். அப்போதுதான் எதிர்ப்பக்கம் பள்ளத்தில் ஆழமாக இறங்கி இங்கே தளர்வு வரும்.

மாட்டும்போது தொடங்குவது வால்வுக்கு நேர் எதிரே. முடிப்பது வால்வில். காரணம் அதேதான். வால்வின் அடிப்பாகம் தடிமன், அந்த இடத்தில் விளிம்பு பள்ளத்துக்குள் இறங்காது. இறங்க முடியாத இடத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டால் நஷ்டமில்லை. டியூபில் உருவம் வருவதற்காக அடித்த கொஞ்சக் காற்றையும் இந்தக் கட்டத்தில் விட்டுவிட வேண்டும். அந்தக் காற்றுக்கூடப் பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். கடைசிச் சாண் வந்து விறைத்து நிற்கும்போது, அதைப் பார்க்கவே கூடாது என்கிறாள் அவள். சக்கரத்தை வயிற்றில் சாய்த்துக்கொண்டு எதிர்ப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து, இரண்டு கையாலும் டயரைப் பிசைந்து விளிம்பைப் பள்ளத்தில் இறக்கிக்கொண்டே, கிடைக்கும் தளர்வை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு வர வேண்டும். ஒரு முறை போதாது. இரண்டு, மூன்று முறை. ஒரு ஓரம் நழுவாமல் இருக்க அவள் ஒரு வெல்க்ரோ பட்டையால் டயரை ரிம்மோடு சேர்த்துக் கட்டிவிடுகிறாள். தண்ணீர் பாட்டிலிலிருந்து விளிம்பில் கொஞ்சம் ஈரம், வீட்டில் என்றால் சோப்புத் தண்ணீர். கடைசியில் தள்ளுவதற்குக் கட்டைவிரல் இல்லை, உள்ளங்கையின் அடிப்பகுதி. கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக. உள்ளே போன பிறகு வால்வை ஒருமுறை மேலே அழுத்தி விட வேண்டும், அதன் அடியில் விளிம்பு சிக்கியிருக்கக் கூடாது. டியூப் எங்கேயாவது ஓரத்தில் எட்டிப் பார்க்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் காற்று.

அவள் கை என் கையில் முக்கால்வாசி இருக்கும். என் கட்டைவிரல் தோற்ற பின்சக்கரத்தை லிவர் இல்லாமல் மாட்டுகிறாள். நான் இப்போதும் அவசரத்தில் தள்ளத்தான் செய்கிறேன்.

டிசம்பரில் அவள் 200 கி.மீ. பிரெவேக்குப் பெயர் கொடுத்தாள். பிரெவே என்பது பந்தயம் இல்லை. 200 கி.மீ.ரை பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். பாரீஸ்–பிரெஸ்ட்–பாரீஸுக்குத் தகுதி பெறும் படிக்கட்டில் முதல் படி. இதில் ஒரு விதி உண்டு. குறிப்பிட்ட சோதனை இடங்களைத் தவிர வழியில் எங்கேயும் சொந்த ஆட்களின் உதவி கூடாது. பின்னாலேயே கார் வரக் கூடாது. விதியைப் படித்துக் காட்டிவிட்டு, “போன் பண்ணினாலும் நீ வரக்கூடாது” என்று சிரித்தாள்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினாள். ஈ.சி.ஆர். வழியாக மரக்காணம் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். நான் போன் சத்தத்தை முழுதாக வைத்து மேஜைமேல் நிமிர்த்தி வைத்தேன். பகல் முழுதும் அது அடிக்கவில்லை. ஒரு லோன் விளம்பர அழைப்பு மட்டும் வந்தது, அதற்கே எழுந்து நின்றுவிட்டேன். மாலை ஐந்தேகாலுக்கு அவள் முடிக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது முகமெல்லாம் உப்புப் படிந்திருந்தது. இரண்டு தட்டு இட்லி சாப்பிட்டாள். காரில் ஏறியதும் தூங்கிவிட்டாள். சோழிங்கநல்லூர் சிக்னலில் அவள் கையைப் பார்த்தேன். நகங்களுக்குள் கறுப்பாக ஏதோ இருந்தது. செயின் கழன்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வாஷிங் மெஷினில் போடுவதற்காக அவளுடைய சைக்கிள் ஜெர்சியை எடுத்தேன். முதுகுப் பையில் கனமாக ஏதோ தட்டுப்பட்டது. நான்காக மடித்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு டியூப். விரித்துப் பார்த்தால், பக்கவாட்டில் நடுவாகரம்போல நீளமாக ஒரு கிழிசல்.

ஹாலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“இது எங்க?”

“மரக்காணம். உப்பளம் தாண்டி. கண்ணாடித் துண்டு.”

“சொல்லவே இல்ல?”

“கேக்கவே இல்லையே.”

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். உண்மையாகவே யோசித்த மாதிரிதான் இருந்தது.

“பாக்கல” என்றாள்.